ஒன்பதாம் எண் கேசட்

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவைப் போலப் பேசிக் காட்டினார்கள்.

முதலில் வந்தவர் தெருமுனை முடிதிருத்துபவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, முகவாயைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, கையில் இல்லாத தாள்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டி அடுக்கி, "வணக்கம். முதலில் நேற்றைய தவறுகள்" என்றார். அச்சு அசல் அம்மா. மீசை மட்டும் கூடுதல்.

அடுத்து வந்த தலைமையாசிரியைக்கு அது போதவில்லை. "இல்ல இல்ல. 'முதலில்'னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுவாங்க. அத விட்டுட்டீங்க" என்று திருத்திவிட்டு அவரும் செய்து காட்டினார். முடிதிருத்துபவர் ஒப்புக்கொள்ளவில்லை. துக்க வீடு என்பதால் இருவரும் குரலை உயர்த்தாமல் சண்டை போட்டார்கள். மூன்று நாளில் தபால்காரர், மருந்துக் கடைக்காரர், அவருடைய மனைவி எல்லோரும் செய்துவிட்டார்கள். அம்மா செய்தி வாசித்துப் பார்த்தே இராத பக்கத்து வீட்டு நான்கு வயதுக் குழந்தையும் செய்தது.

அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். தபால்காரருக்கு மட்டும், "நல்லா இருந்துச்சு" என்றார்.

பத்தாம் நாள் காலை பல் தேய்க்கும்போது எனக்கு ஒன்று தெரிந்தது. அம்மாவின் குரல் ஞாபகம் வரவில்லை. செய்திக் குரல் வந்தது. அதுவும் முடிதிருத்துபவர் வழியாகத்தான் வந்தது. எனக்கு வேண்டியது வீட்டுக் குரல். "ஏண்டி, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று முப்பது வருடம் கேட்ட குரல். வார்த்தைகள் எல்லாம் இருந்தன. ஒலி இல்லை.

நான் நீரேற்று நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். ஒரு கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால், சரியென்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். அந்த இன்னொன்று என்னிடம் இல்லை. அம்மா எனக்குத் தினமும் குரல் செய்தி அனுப்புவாள். சராசரி நான்கு நிமிடம். கைபேசியில் இடத்தை அடைக்கிறது என்று, முப்பது நாளில் எல்லாம் தானாக அழியும்படி நானே அமைத்து வைத்திருந்தேன். கடைசி நாற்பது நாளும் நான் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே இருந்தேன். பக்கத்தில் இருப்பவளுக்கு யார் குரல் செய்தி அனுப்புவார்கள்? கைபேசி சொன்னபடி வேலை செய்திருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

இருபத்தைந்து வருடம் தொலைக்காட்சியில் பேசிய ஒருத்தியின் குரல் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தொலைக்காட்சி எப்படி நடந்தது என்பது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

அம்மா முதலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். இரண்டு பேர் நின்றால் கதவை மூட முடியாத அறை, ஒரு மைக், எதிரில் கம்பி வலை. மற்ற அறிவிப்பாளர்கள் பேசினால் பயணிகள் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். அம்மா பேசினால் எழுந்து போய் ஏறிவிடுவார்கள். டிவி ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் அப்படி எழுந்து போய், தனக்குச் சம்பந்தமே இல்லாத வண்டியில் ஏறி, ஆறு நிறுத்தம் தாண்டியபிறகுதான் விழித்துக்கொண்டார். திரும்பி வந்து கம்பி வலை வழியாகக் கேட்டார்: "கேபிள்ல ஊருக்குன்னு ஒரு சேனல் ஆரம்பிக்கறேன். நீங்க செய்தி வாசிப்பீங்களா?"

"வரிசையில வாங்க" என்றாளாம் அம்மா.

அவர் வரிசையில் நின்று மறுபடி கேட்டார். அப்போது அம்மாவுக்கு முப்பத்து நான்கு வயது. எனக்குப் பத்து.

ரிப்பேர் கடையின் பின்னறைதான் ஸ்டூடியோ. பின்னால் தொங்கிய நீலத் திரை முதலாளி வீட்டுக் கட்டில் விரிப்பு. சேனலுக்கு ஒரே ஒரு கோட்டு. பேட்டி இருக்கும் நாளில் விருந்தினர் அதைப் போட்டுக்கொள்வார். அம்மா தன் ஸ்வெட்டரில் உட்கார்ந்துவிடுவாள். தீயணைப்பு அதிகாரிக்கு அது தோளில் கிழிந்தது. மறுநாள் நேற்றைய தவறுகளில் அம்மா அதையும் சேர்த்துவிட்டாள்.

நேற்றைய தவறுகள் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு நாளும் செய்திக்கு முன்னால், முந்தின நாள் தான் தப்பாகச் சொன்னதையெல்லாம் வாசிப்பாள். "பூங்காவில் தொலைந்துபோனதாக நேற்று நாம் சொன்ன நாய், அதே நேரத்தில் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. நாயின் மேல் தவறில்லை. தவறு என்னுடையது." செய்தியை விட்டாலும் விடுவார்கள், ஊரில் யாரும் தவறுகளை விட மாட்டார்கள். தவறே இல்லாத நாட்களில் முதலாளிக்குத் தொலைபேசியில் புகார் வரும்.

அம்மாவுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ஏழு மணிக்கு ஒளிபரப்பாகும் செய்தியை ஏழு மணிக்கு முன்னால் யாரிடமும் சொல்ல மாட்டாள். யாரிடமும் என்றால் எங்களையும் சேர்த்துத்தான். ஒருநாள் அவள் ஆறு மணிக்குப் பதிவு முடித்து வந்து, எங்களோடு உட்கார்ந்து, தானே வாசிப்பதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் இருந்த அம்மா சொன்னாள்: "இன்று ஏழரை மணி முதல் இரண்டு நாட்களுக்குக் குடிநீர் வராது." அப்பாவும் நானும் வாளிக்கு ஓடினோம். தெருவே ஓடியது. குழாயில் நூல் மாதிரி வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அப்பா, வாளியைப் பிடித்தபடி.

"மத்தியானம் பன்னெண்டுக்கு."

"அப்ப சொல்லியிருந்தா தொட்டிய ரொப்பியிருப்பேன்ல?"

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு யாரு சொல்வா? நம்ம வீட்டுத் தொட்டி மட்டும் ரொம்பியிருந்தா ஊர் என்ன நெனைக்கும்?"

"ஊர் ஒண்ணும் நெனைக்காது. நம்ம தொட்டிய யாரு எட்டிப் பாக்கறா?"

"நான் பாப்பேன்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. மற்றவர்கள் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதில் அக்கறை உள்ளவர், தன் விஷயத்தில் அப்படி இல்லை. சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு மதியம்வரை கடையில் நிற்பார். அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச்சுப் பங்கீடு எப்படியோ அமைந்துவிட்டது. அம்மா பேசுவாள், அப்பா ஃப்ரேம் துடைப்பார்.

நோய் விவரத்தையும் அம்மா அதே வழக்கப்படிதான் சொன்னாள். டாக்டர் காலை பதினொன்றுக்குச் சொன்னது. அன்று முழுவதும் சமைத்தாள், அலமாரியை ஒழித்தாள், என்னைப் போனில் வரச்சொன்னாள். ஏழு மணிக்கு எங்கள் இருவரையும் மேசையில் உட்காரவைத்துச் சொன்னாள். நோயின் பெயர், எந்த உறுப்பு, எத்தனை மாதம். சொல்லி முடித்துவிட்டு, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றாள். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "சாப்ட்டியா?"

பத்தாம் நாள் மாலை நான் ரிப்பேர் கடைக்குப் போனேன். முதலாளிக்கு இப்போது எழுபது வயது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"மாமா, அம்மா குரல் பதிவு ஏதாவது இருக்கா?"

"அம்மா குரலா? அது ஊருக்கே தெரியுமேம்மா! 'வணக்கம். முதலில்...'" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "மன்னிச்சுக்கோ. பழக்கம்."

"பதிவு, மாமா."

"செய்திய யாரும்மா சேத்து வைப்பாங்க? கம்ப்யூட்டர் வந்தப்புறம் வாரா வாரம் அழிச்சிடுவோம். அதுக்கு முன்னாடி வீடியோ கேசட். மொத்தமே பன்னெண்டு கேசட்தான். இன்னிக்கு ஒண்ணாம் நம்பர், நாளைக்கு ரெண்டாம் நம்பர். பன்னெண்டு முடிஞ்சா மறுபடியும் ஒண்ணுலேருந்து, பழசு மேலயே பதிவு. பத்தொம்போது வருஷம் ஓட்டினோம்!" பெருமையாகத்தான் சொன்னார்.

"அந்தப் பன்னெண்டு எங்க?"

அவர் மேலே கைகாட்டினார். மொட்டை மாடிக்குப் போனோம். வரிசையாகத் தக்காளித் தொட்டிகள். மூங்கில் கழிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கேசட் நாடா கட்டியிருந்தது.

"காத்துல பளபளன்னு ஆடும் பாரு. ஒரு குருவி கிட்ட வராது."

அம்மாவின் பத்தொன்பது வருடம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு குருவி அதன் மேலேயே உட்கார்ந்து ஊஞ்சலாடியது.

"பன்னெண்டும் இதானா?"

"பதினொண்ணு. ஒம்போதாம் நம்பர் மெஷின்ல மாட்டிக்கிச்சு. எவ்வளவு இழுத்தும் வரல. மெஷினோட தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"நீங்க ரிப்பேர் பண்றவர்தானே, மாமா?"

"ஊர்ல உள்ளதெல்லாம் பண்ணுவேன். சொந்த மெஷினுக்கு நேரம் எங்கம்மா இருக்கு?"

அந்த மெஷினை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். சனிக்கிழமை காலை பதிவுக்காரரும் வந்து சேர்ந்தார். அம்மா வாசித்த காலம் முழுவதும் கேமரா, விளக்கு, ஒலி, பதிவு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. நாடாவை வெளியே இழுத்து, அதைப் படிக்கும் உருளையில் சுற்றும் இரும்புக் கை பாதி வழியில் நின்றுபோயிருந்தது. நாடா அதில் வளைந்து, ஓரம் மடங்கிக் கிடந்தது. ஒரு தவறான இழுப்பில் அறுந்துவிடும்.

"மெதுவாம்மா, மெதுவா. பொறந்த கொழந்த மாதிரி எடு."

"நீங்க டார்ச்ச ஆட்டாம பிடிங்க."

"ஆட்டல. கை நடுங்குது. ரெண்டும் வேற வேற."

"எனக்கு ஒண்ணுதான்."

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தாரைத் துடைக்கவே ஒரு நாள் ஆனது. புது பெல்ட் போட்டேன். கையை எண்ணெய் விட்டு, கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகத் திருப்பினேன். பதிவுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவ்வப்போது நான்தான் விடச் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிறு மதியம் கேசட் வெளியே வந்தது. முழுதாக வந்தது. மடங்கிய இடத்தை நீவி, ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்றி, மெஷினில் மறுபடி போட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்தேன். நான் எதிர்பார்த்தது ஒரு செய்தி அறிக்கை, கடைசியாக அதில் பதிவானது. அதில் இருக்கப்போவதும் செய்திக் குரல்தான். இருந்தாலும் அது அவளுடையது.

படம் வந்தது. நீலக் கட்டில் விரிப்பு. அதற்கு முன்னால் அம்மா, என்னைவிட நான்கைந்து வயது இளையவள், கோட்டின் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏம்ப்பா, கேக்குதா? வர்ற வழியில செருப்பு அறுந்துபோச்சு. மேசைக்கு மேலதான படம் எடுக்கற? கீழ வெறுங்கால். சரி, கேக்குதா இல்லியா?"

நான் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன்.

அந்தக் குரல்தான். ஈரத் துண்டுக் குரல். கொஞ்சம் மூக்கில் வரும், வாக்கியத்தின் கடைசியில் ஏறும். எப்படி மறந்தேன் என்றே தெரியவில்லை.

பத்து விநாடி. பிறகு படம் குதித்தது. அதே அம்மா, இந்தத் தடவை ஸ்வெட்டரில். "இன்னிக்குக் குடை எடுத்துட்டு வந்தேன், மழையக் காணோம். நேத்து எடுக்கல, ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. இத மொதல்ல செய்தியில சொல்லணும்." குதித்தது. "பொண்ணுக்குக் காய்ச்சல். நூத்தியொண்ணு. அவ அப்பா பக்கத்துல இருக்காரு, ஆனா அவருக்குத் தெர்மாமீட்டர் பாக்கத் தெரியாது. சீக்கிரம் முடிச்சிடலாமாப்பா?" குதித்தது.

"மெஷின்ல இன்னும் கோளாறு இருக்கு" என்றேன்.

பதிவுக்காரர் குற்றம் செய்து பிடிபட்டவர் மாதிரி நின்றார். "கோளாறு மெஷின்ல இல்லம்மா. என்கிட்ட. ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் பதிவு பண்ணா அந்த எடம் தேஞ்சு போயிடும்னு எனக்கொரு பயம். முதலாளி புதுக் கேசட் வாங்க மாட்டாரு. அதனால ஒவ்வொரு தடவையும், போன தடவ ஆரம்பிச்ச எடத்துலேருந்து பத்து செகண்ட் தள்ளி ஆரம்பிப்பேன். மெஷின் வேகம் பிடிக்கவும் பத்து செகண்ட் வேணும். அந்த நேரத்துல குரல் அளவு பாக்க, 'ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்கம்மா'ம்பேன். அம்மா ஒருநாளும் எண்ணினதில்ல. 'எண்ணறதுக்கு நான் என்ன ஒண்ணாங் கிளாஸா?'ம்பாங்க. வாய்க்கு வந்தத சொல்வாங்க."

மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. செய்தி எல்லாம் அடுத்த செய்தியின் அடியில் போய்விட்டது. ஒவ்வொரு பதிவின் முதல் பத்து விநாடி மட்டும், யாரும் பார்க்காத, ஒளிபரப்பே ஆகாத பத்து விநாடி, ஒன்றன் பின் ஒன்றாகத் தப்பியிருந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, பத்தொன்பது வருடம். ஏறக்குறைய ஐந்நூற்று எழுபது துண்டு.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"இதுல என்னம்மா இருக்கு? செய்தியே இல்லியே" என்றார் அவர்.

நாடாவின் கடைசியில் முழுச் செய்தி அறிக்கை ஒன்றும் இருந்தது. அதை முதலாளிக்குக் கொடுத்தேன். அஞ்சலி நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார். ஊர் அழுதது, தவறுகள் பகுதியில் சிரித்தது. துண்டுகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடையடைத்து வந்து ஆறரைக்கு மேசையில் உட்கார்ந்தவர் முன்னால் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, முதல் துண்டைப் போட்டேன். அறுந்த செருப்பு. அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு, "அது பழுப்புச் செருப்பு. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல" என்றார்.

மூன்றாவது துண்டு முடிந்ததும், "எனக்குத் தெர்மாமீட்டர் பாக்கத் தெரியும்" என்றார். "கண்ணாடிக் கடைக்காரன். அது தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுப்பா. எனக்கு அப்ப நூத்தியொண்ணு."

அவர் சிரித்தார். அம்மா போனபின் முதல் தடவை.

பதினான்காவது துண்டில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வானம் கருக்குது. கொடியில அத்தனை துணி கெடக்கு. அந்த மனுஷன் எடுப்பாருங்கறியா? பாத்துட்டே நிப்பாரு. சரி, ஆரம்பி."

"நிறுத்து" என்றார் அப்பா.

நிறுத்தினேன்.

"இது எந்த வருஷம்?"

"நாள் போடலப்பா. ஆரம்பத்துல. நான் ஆறாவதோ ஏழாவதோ படிச்சப்ப இருக்கும்."

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தாளா?"

"எல்லார்கிட்டயும் இல்ல. பதிவுக்காரர்கிட்ட."

"அவன் என் கடையிலதான் கண்ணாடி போட்டான். ஒரு வார்த்த சொன்னதில்ல பாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "ஒரு தடவ எடுத்திருக்கேன். பெரிய காத்து அடிச்சுதே, டெலிபோன் கம்பம் சாஞ்சுதே, அன்னிக்கு. கடையப் பாதியில சாத்திட்டு ஓடி வந்தேன். ஒரு கைக்குட்டை விடாம எடுத்தேன். மடிச்சும் வெச்சேன். அவ வந்து பாத்தா. அலமாரிய மூடிட்டுப் போயிட்டா. நல்லாப் பண்ணீங்கன்னு ஒரு வார்த்த சொல்லல."

"உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாப்பா."

"பின்ன யார்கிட்ட சொல்லுவா?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"இதுல இருக்கும்கறியா?"

"இருக்கலாம்."

எங்களிடம் இருப்பது பன்னிரண்டு கேசட்டில் ஒன்று. மறுநாள் பதிவு ஒன்பதாம் எண்ணில் விழுந்திருக்கப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அப்படியே விழுந்திருந்தாலும் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள். இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கவில்லை.

அவராகவே ஒரு ஏற்பாடு சொன்னார். ஒரு நாளைக்குப் பத்துத் துண்டுக்கு மேல் போடக் கூடாது. அவர் இல்லாமல் நான் முன்னால் ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். அதனால் அம்மா அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்பது எனக்கும் தெரியாது.

இதற்குள் எவ்வளவோ கேட்டுவிட்டோம். முதலாளிக்கு ஒன்பது துண்டில் திட்டு. கோட்டு குத்துகிறது என்று பதினாறு. ஒன்றில் அவள் ஒன்றுமே பேசவில்லை, கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அப்பா அதை மூன்று முறை போடச் சொன்னார். நேற்று வந்த ஒன்றில், "பொண்ணு படிக்க வெளியூர் போயிட்டா. வீட்டுல சத்தமே இல்ல. கட்டில் மேல ஈரத் துண்டுகூட இல்ல. போதுமாப்பா, அளவு பாத்தாச்சா?" என்றாள். அதற்குப் பின்னால் பதிவுக்காரரின் குரல்: "பாத்தாச்சும்மா." அப்பா எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு உட்கார்ந்து, "அடுத்தது" என்றார்.

இருநூற்று முப்பது வரை வந்திருக்கிறோம். கொடித் துணி இருபத்தாறு தடவை வந்திருக்கிறது. இருபத்தாறிலும் அது நனைகிறது.